அரசு அலுவலக அச்சுச் செலவு: குறைகிறதா, கைமாறுகிறதா?

ஆலமரத்தடி எழுதியது:

மாவட்ட அளவிலான ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். துறைப் பெயர் வேண்டாம். அச்சு, எழுதுபொருள் செலவைக் குறைக்க யோசனை அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. பிரிவுக்கு ஒருவர் எழுத வேண்டும் என்றார்கள், எங்கள் பிரிவில் அது என் தலையில் விழுந்தது.

எல்லோரும் என்ன எழுதுவார்கள் என்று தெரியும். "கடிதங்களை மின்னஞ்சலில் அனுப்பலாம், படிவங்களை இணையத்தில் ஏற்றலாம்." நானும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனால் கணினி வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் தாள் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஒரு கடிதம் போகும் வழியைப் பாருங்கள். கணினியில் தட்டச்சு செய்கிறோம். அச்செடுக்கிறோம். அலுவலர் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறார். அதை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறோம். அங்கே ஒருவர் அதை மறுபடி அச்செடுத்து, தேதி முத்திரை குத்தி, தன்பதிவேட்டில் (தனக்கு வரும் கடிதங்களை எழுத்தர் பதியும் ஏடு) ஏற்றிக் கோப்பில் கோர்க்கிறார். அசல் தனியாகத் தபாலிலும் போகிறது. தட்டச்சுப் பொறி காலத்தில் கார்பன் தாள் வைத்து ஒரே அடியில் முடிந்த வேலை இது.

மேலே பார்த்தால் எல்லாம் டிஜிட்டல்தான். 2021 ஆகஸ்ட் 13 அன்று பழனிவேல் தியாகராஜன் கலைவாணர் அரங்கில் தமிழ்நாட்டின் முதல் காகிதமில்லா பட்ஜெட்டை வாசித்தார், உறுப்பினர்கள் முன்னால் கணினித் திரை இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் கைக்கணினியைப் பார்த்து ஒன்றிய பட்ஜெட்டை வாசித்தார். பட்ஜெட் புத்தகம் ஆண்டுக்கு ஒருமுறை வருவது. தாலுகா அலுவலகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் நடுவில் தினமும் ஓடும் தாள் குறைந்த மாதிரி தெரியவில்லை.

உங்கள் அனுபவத்தில் உண்மையிலேயே தாள் குறைந்த இடம் எது? ஏன் குறைந்தது? அதைச் சொல்லுங்கள், அதை வைத்து எழுதுகிறேன்.

---

யூனிகோடன் எழுதியது:

இதற்கு ஒரு நல்ல உதாரணம் ஒன்றிய அரசின் அரசிதழ். 2015 அக்டோபர் 1 முதல் அச்சிடுவதையே நிறுத்திவிட்டார்கள். இணையத்தில் வருவதுதான் அரசிதழ். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 8, மின்னணு அரசிதழில் வெளியிட்டாலும் வெளியிட்டதாகவே கொள்ள வேண்டும் என்கிறது. சட்டம் வந்து பதினைந்து ஆண்டு கழித்துத்தான் பயன்படுத்தினார்கள், அது வேறு கதை. அதற்கு முன் கட்டுக்கட்டாக அடித்து, அலுவலகம் அலுவலகமாக அனுப்பி, பாதி பிரிக்காமலே கிடந்தது.

உங்கள் கடிதப் பிரச்சினைக்கு மின்கையொப்பம் போதும் சார். அதே சட்டத்தில் பிரிவு 5, மின்னணுக் கையொப்பத்துக்குக் கைக்கையொப்பத்தின் மதிப்பைக் கொடுக்கிறது. அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்யும் அந்த நடுப்பகுதி முழுக்க வீண்.

---

பழைய_கோப்பு எழுதியது:

தம்பி யூனிகோடன், சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறீர்கள், சரி. நான் வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். அலுவலகத்தில் தாள் எதற்காகச் சேர்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோப்பு முடிந்தால் அதற்கு ஆயுள் குறிப்போம். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். முறைப்படி நடந்தால் பதிவறையில் பெரும்பகுதி ஆண்டுதோறும் அழிய வேண்டும். நடக்காது. ஏனென்றால் அழித்த பிறகு தணிக்கையிலோ நீதிமன்றத்திலோ கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் பதிவறை எழுத்தர். வைத்திருந்ததற்காக யாருக்கும் குற்றக் குறிப்பாணை வந்ததில்லை. தொலைத்ததற்குத்தான் வரும். அச்செடுப்பதும் இந்தப் பயத்தில்தான். மின்னஞ்சல் வந்தது என்பதற்கு அத்தாட்சி என்ன? கோப்பில் தாளாக இருக்க வேண்டும். மேலதிகாரி மாறுதலாகிப் போனால் அவருடைய மின்னஞ்சல் பெட்டி யார் கையில் இருக்கும், கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்பதெல்லாம் எழுத்தருக்குத் தெரியாது. தாள் இருந்தால் இருக்கிறது. அவ்வளவுதான் அவருடைய கணக்கு, அதில் தப்பும் இல்லை.

இன்னொன்று, யாரும் பேசாதது: படிவங்கள். எழுதுபொருள் அச்சுத்துறைக்கு ஆண்டுதோறும் இண்டென்ட், அதாவது தேவைப்பட்டியல், போடுவோம். போன ஆண்டு எவ்வளவு கேட்டார்களோ அதே எண்ணிக்கை, கொஞ்சம் கூட்டி. குறைத்துக் கேட்டால் அடுத்த ஆண்டு அதையும் வெட்டுவார்கள் என்று பயம். விதி மாறி, படிவம் மாறி, பழைய படிவம் கட்டுப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் குறிப்பெழுத ஆகும். டிஜிட்டலே வேண்டாம், இண்டென்டை இருப்பைப் பார்த்துப் போட்டாலே ஒரு பெரிய தொகை மிஞ்சும்.

---

சும்மாதான் எழுதியது:

"இந்த மின்னஞ்சலை அச்செடுக்கும் முன் மரங்களை நினைத்துப் பாருங்கள்" என்ற வரியோடு சேர்த்து அச்செடுத்து மூன்று பிரதி கோப்பில் வைத்திருக்கும் அலுவலகம் எனக்குத் தெரியும். மரத்தை நினைத்துவிட்டுத்தான் அச்செடுத்திருப்பார்கள்.

---

தாலுகா_வாசல் எழுதியது:

நான் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அரசு டிஜிட்டல் ஆக ஆக என் கடையில் கூட்டம் கூடுகிறது.

முன்பு சாதிச் சான்றிதழ் என்றால் அலுவலகத்தில் அட்டையில் எழுதி முத்திரை போட்டுக் கையில் கொடுப்பார்கள். செலவு அரசுடையது. இப்போது இ-சேவையில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கிறார்கள். சான்றிதழ் பி.டி.எஃப். ஆக வருகிறது, மின்கையொப்பமும் க்யூஆர் குறியீடும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். ஆனால் கல்லூரியில் "கலர் பிரிண்ட் கொண்டு வா" என்பார்கள். கருப்பு வெள்ளையில் கொடுத்தால் ஜெராக்ஸ் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். கலர் பத்து ரூபாய். அப்புறம் அது கசங்கக் கூடாது என்று லேமினேஷன். அப்புறம் அந்தக் கலர் பிரிண்டை ஜெராக்ஸ் எடுத்து, அதில் கையெழுத்துப் போட்டு இரண்டு செட். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாமே இந்த மாதிரிதான். வில்லங்கத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் பார்ப்பதோடு யாரும் விடுவதில்லை. வங்கிக்கு ஒரு செட், வக்கீலுக்கு ஒரு செட், வீட்டில் வைக்க ஒரு செட். பழைய சொத்து என்றால் பக்கம் பக்கமாகப் போகும்.

அரசுக் கணக்கில் அச்சுச் செலவு குறைந்திருக்கும். அந்தக் காசு என் கல்லாவில் இருக்கிறது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் இதை மிச்சம் என்று சொல்லாதீர்கள்.

---

ஆலமரத்தடி எழுதியது:

அண்ணே, இதுதான் எனக்கு வேண்டியது. மிச்சம் பிடித்தேன் என்று எழுதும்போது யார் தலையில் ஏற்றினோம் என்று எழுதும் பத்தி சுற்றறிக்கைப் படிவத்தில் இல்லை. நான் சேர்த்துவிடுகிறேன்.

சான்றிதழ் வழங்கும் அலுவலகம் முழுக்க டிஜிட்டல் ஆகிவிட்டது. வாங்கிக்கொள்ளும் இடம் ஆகவில்லை. எனக்குத் தோன்றுவது, தாளைக் கேட்பவர்தான் தாளை உண்டாக்குகிறார். எல்லாத் திட்டமும் தாளைக் கொடுப்பவரையே பார்த்து எழுதப்பட்டிருக்கிறது.

---

கருப்பு_அங்கி எழுதியது:

சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது சார். யூனிகோடன் பிரிவு 5, பிரிவு 8 இரண்டையும் சொன்னார். அடுத்த பிரிவு 9-ஐயும் படிக்க வேண்டும். ஓர் அரசு அலுவலகம் மின்னணு வடிவில்தான் ஆவணத்தை ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தும் உரிமையை, இதற்கு முந்தைய பிரிவுகள் யாருக்கும் தரவில்லை என்கிறது அது. அதாவது அலுவலகம் மின்னணுவில் கொடுக்கலாம், வாங்கலாம். வாங்கு என்று நீங்கள் அடம்பிடிக்க முடியாது. "பிரிண்ட் கொண்டு வா" என்று சொல்பவர் சட்டத்தை மீறவில்லை.

இதை உடைத்த இடம் ஒன்று உண்டு. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம். டிஜிலாக்கரில், அதாவது அரசின் இணைய ஆவணப் பெட்டகத்தில், வழங்கப்பட்ட ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017-இலேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் சாலையில் போலீஸ் அசலைக் கேட்டார்கள். 2018 ஆகஸ்டில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது: டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் காட்டுவதை ஏற்க வேண்டும் என்று. பிறகு மோட்டார் வாகன விதியையே அதற்கேற்பத் திருத்தினார்கள். இன்று வண்டியில் ஜெராக்ஸ் வைத்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்? செயலி வந்ததால் மட்டும் மாறவில்லை. ஏற்றுக்கொள் என்று, கேட்கும் கைக்கு உத்தரவு போனதால் மாறியது.

நீதிமன்றம் பற்றி யாராவது கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். மின்தாக்கல் செய்த பிறகும் தாள் பிரதி கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன, நாங்களும் தாளைத் தின்கிறவர்கள்தான். ஆனால் உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 1 முதல் ஏ4 தாளில் இருபுறமும் அச்சிடச் சொன்னது. அதற்கு முன் நீளமான லீகல் தாள், ஒரு பக்கம் மட்டும், இரட்டை இடைவெளி. எந்த மென்பொருளும் வாங்காமல் வழக்குக் கட்டு பாதியாகிவிட்டது.

---

லோயர்பெர்த் எழுதியது:

கேட்கும் கைக்கு உத்தரவு என்பதற்கு ரயில்வேயைவிட நல்ல உதாரணம் கிடையாது. இணையத்தில் டிக்கெட் எடுத்தாலும் முன்பு அச்செடுத்துக்கொண்டுதான் போக வேண்டும், இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாதவன் கணக்கில் அபராதம். 2012-இல் குறுஞ்செய்தியும் அடையாள அட்டையும் போதும் என்றார்கள். டிக்கெட் பரிசோதகருக்கு அந்த உத்தரவு போன அன்றே பயணிகள் அச்செடுப்பதை விட ஆரம்பித்தார்கள். யாருக்கும் மரம் பற்றி வகுப்பெடுக்கவில்லை.

பெட்டியில் ஒட்டும் முன்பதிவுப் பட்டியல் நினைவிருக்கிறதா? பசை ஈரம் காயாமல், கூட்டம் மொய்க்க, பெயரை விரலால் தேடுவோமே. 2018 மார்ச் 1 முதல் பெரிய நிலையங்களில் அதை நிறுத்திப் பார்த்தார்கள். யாரும் போராட்டம் செய்யவில்லை, ஏனென்றால் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் ஏற்கெனவே கைபேசிக்கு வந்துகொண்டிருந்தது. மாற்று முதலில் ஊரெல்லாம் பழகியது, தாள் பிறகு போனது. பெரும்பாலான துறைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

---

சிவகாசி_மணி எழுதியது:

எல்லோரும் தாளை மட்டுமே பேசுகிறீர்கள். தாளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார்.

2020 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை ஓர் உத்தரவு போட்டது. அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் யாரும் அடுத்த ஆண்டுக்குச் சுவர் காலண்டர், மேசைக் காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை அச்சிடக் கூடாது. கொரோனாவில் ஏற்கெனவே படுத்திருந்த தொழில். எங்கள் ஊருக்கு அது என்ன செய்தது என்று வந்து கேளுங்கள். பதிலுக்கு அவர்கள் கொடுத்தது 2021 ஜனவரியில் ஒரு காலண்டர் செயலி. யார் வீட்டுச் சுவரில் அதை மாட்டுவது?

அச்சகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017-இல் ஒன்றிய அரசின் பதினேழு அச்சகங்களை ஐந்தாகச் சுருக்க அமைச்சரவை முடிவெடுத்தது. கோவை பெரியநாயக்கன்பாளையம் பக்கம் இருந்த அச்சகத்தை நாசிக்கோடு இணைத்தார்கள். நூறு ஏக்கருக்கு மேல் நிலம், அந்த இடத்துக்கே பிரஸ் காலனி என்றுதான் பெயர். தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியும் பலன் இல்லை. அடுத்து ராயபுரம் ரயில்வே அச்சகம், அதையும் மற்ற நான்கையும் மூட 2023-இல் ரயில்வே வாரியம் முடிவு செய்தது. டிக்கெட் அச்சடிக்கும் வேலை வெளியே போகிறது. அரசு அச்சகத்தில் அடித்தால் செலவு, தனியாரிடம் கொடுத்தால் சேமிப்பு, அப்படித்தானே?

---

யூனிகோடன் எழுதியது:

மணி அண்ணே, தேவையில்லாத டைரியை அடிப்பது வேலைவாய்ப்புத் திட்டம் ஆகாது. பல அலுவலகங்களில் டைரி யாருக்கெல்லாம் போகும் என்று உங்களுக்கும் தெரியும்.

---

சிவகாசி_மணி எழுதியது:

தெரியும். அதில் நான் வாதாட வரவில்லை. வங்கிக் காலண்டர் மட்டும் வேறு, அதை மக்கள் உண்மையிலேயே வரிசையில் நின்று வாங்கினார்கள். ஒரு வார்த்தை ஆலமரத்தடிக்கு: அச்சகத்தை மூடுங்கள் என்று மட்டும் யோசனை எழுதிவிடாதீர்கள். தேர்தல், தேர்வு, பாடநூல் வரும்போது அச்சகம் தேவைப்படும்.

---

கீழத்தெரு எழுதியது:

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பாடநூல் என்றதும் எழுதத் தோன்றியது. 2018-இல் புதிய பாடத்திட்டத்தோடு வந்த புத்தகங்களில் க்யூஆர் குறியீடு அச்சிட்டார்கள், நல்லது. வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். ஆகவே புத்தகம் வேண்டும். அரசு அச்சடிப்பதிலேயே நியாயமான செலவு அதுதான் என்பேன். தாளும் ஓரளவு நம் ஊர் கரும்புச் சக்கைதான், கரூர் காகிதபுரத்தில் அரசு ஆலையே இருக்கிறது.

எங்களைக் கேட்டால் குறைக்க வேண்டியது இரட்டை வேலையை. இணையத்தில் ஏற்றிய அதே விவரத்தைப் பதிவேட்டிலும் எழுதி, இணையத்தில் ஏற்றியதற்கு அச்சுப் பிரதி எடுத்துக் கையெழுத்திட்டு ஒப்படைக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம். அந்தப் பிரதியின் அச்சுக்கூலியை யார் தருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? தாலுகா_வாசல் கடையில் நிற்கும் வரிசையில் எங்களையும் பார்க்கலாம்.

ஒழுங்காகக் குறைந்தது என்று எனக்குத் தெரிந்தது ரேஷன் அட்டை. 2009 வரைதான் செல்லும் என்று 2005-இல் கொடுத்த அட்டை. புது அட்டை அடிக்காமல் ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி ஒட்டி 2016 வரை ஓட்டினார்கள். தமிழ்நாடு முழுக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுக்கு ஒரு தாள், அதை ஒட்ட ஒரு வரிசை, கையெழுத்துக்கு ஒரு வரிசை. 2017-இல் ஸ்மார்ட் அட்டை வந்ததும் அது நின்றது. இப்போது வாங்கியது குறுஞ்செய்தியாக வருகிறது. எங்கள் தெருப் பாட்டிகளுக்குக் குறுஞ்செய்தி படிக்கத் தெரியாது. ஆனால் அட்டையைக் கொண்டு போய் நீட்டினால் வேலை நடக்கிறது, வேறெதுவும் அவர்கள் அச்செடுத்துத் தர வேண்டியதில்லை.

---

பழைய_கோப்பு எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்ன உள்தாள் வேலையை நானும் பார்த்திருக்கிறேன், நினைத்தாலே கை வலிக்கிறது.

யூனிகோடன் தம்பி கவனத்துக்கு, எழுத்துரு. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டின்போதே கணினியில் தமிழ் எழுத்துக்கான குறியீட்டு முறைகளான யூனிகோடையும் டேஸ்16-ஐயும் அரசு தரமாக அறிவித்தது. ஆனால் அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில்தான் தட்டச்சு நடந்தது. அந்தக் கோப்பை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வரும். தேடவும் முடியாது. ஆகவே அச்செடுத்து அனுப்பு, இல்லாவிட்டால் ஸ்கேன் செய்து அனுப்பு. இரண்டுமே படம்தான், எழுத்து இல்லை. ஓர் அரசாணையில் ஒரு வரி வேண்டுமென்றால் கணினியில் தேட முடியாது, அச்செடுத்து வைத்துப் பென்சிலால் கோடு போட்டால்தான் தேட முடியும். தாளின் மேல் பாசத்தால் செய்வதாக இளைஞர்கள் நினைக்கிறார்கள்.

---

யூனிகோடன் எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்பது தாளைப் புகைப்படம் எடுத்து வைத்திருப்பது, அவ்வளவுதான். கோப்பு முழுக்கக் கணினியிலேயே நகரும் மின் அலுவலக மென்பொருளில் யூனிகோடில் நேரடியாக எழுதி மின்கையொப்பம் இட்ட கோப்பாக இருந்தால் தேடலும் நடக்கும், மாறுதலில் போன அலுவலரின் கடவுச்சொல்லும் தேவைப்படாது. கோப்பு பதவிக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை. உங்கள் எழுத்தரின் பயத்துக்கு அதுதான் மருந்து. தனி மின்னஞ்சலில் கோப்பு அனுப்புவதை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

---

ஆலமரத்தடி எழுதியது:

எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில், இணையத்தில் சரிபார்க்கக்கூடிய சான்றிதழ் எதற்கும் எங்கள் அலுவலகம் அச்சுப் பிரதி கேட்காது. சான்றிதழ் எண் போதும், சரிபார்ப்பது எங்கள் எழுத்தரின் வேலை. விண்ணப்பப் படிவத்தில் 'இணைப்புகள்' பகுதியைத் திருத்தினால்தான் இது நடக்கும், இல்லாவிட்டால் பழைய படிவத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அடுத்து, எங்களுக்குள் போகும் கடிதம் மின் அலுவலகத்தில் போனால் அசல் தபாலில் வராது, வந்தாலும் பதிவு செய்ய மாட்டோம். மூன்றாவதாக, அச்செடுத்தே ஆக வேண்டியதை இருபுறமும் அச்செடுப்பது, படிவ இண்டென்டோடு கையிருப்புக் கணக்கை இணைப்பது. அச்சகம் மூடுவது பற்றி ஒரு வரியும் இல்லை, மணி அண்ணே.

சேமிப்பு எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அலுவலகச் சேமிப்பு, விண்ணப்பதாரர் சேமிப்பு என்று அதை இரண்டாகப் பிரித்துக் காட்டப் போகிறேன்.

---

தாலுகா_வாசல் எழுதியது:

முதல் யோசனையை மட்டும் எங்கள் தாலுகாவுக்குக் கடைசியில் அமல்படுத்தச் சொல்லுங்கள்.

---

கருப்பு_அங்கி எழுதியது:

முதல் யோசனையில் ஒரு சொல் சேர்க்கவும். 'கேட்காது' என்பதோடு 'அச்சுப் பிரதி இல்லை என்ற காரணத்தால் எந்த விண்ணப்பத்தையும் திருப்பாது' என்றும் இருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் கவுண்டரில் இருப்பவர் வாயால் கேட்பார், கேட்டதற்கு அத்தாட்சி இருக்காது.

இரண்டாவதில் விதிவிலக்கு எழுதாமல் விடாதீர்கள். உயில், கிரயப் பத்திரம் மாதிரி அசலே முக்கியமான ஆவணங்கள், வழக்கில் இருக்கும் கோப்புகள் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்று தெளிவாக இருக்கட்டும். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி சான்று வேண்டும். அதில் யார் கையெழுத்திடுவார் என்பதை இப்போதே ஒரு பதவியின் பெயரில் குறித்துவிடுங்கள். அந்தப் பெயர் இல்லையென்றால் உங்கள் எழுத்தர் மறுபடி அச்செடுக்க ஆரம்பித்துவிடுவார்.

---

ஆலமரத்தடி எழுதியது:

சேர்த்துவிட்டேன். சான்றுக்குப் பதிவறைப் பிரிவின் கண்காணிப்பாளர் பதவி. திங்கட்கிழமை அனுப்புகிறேன், பதில் வந்தால் இதே இழையில் போடுகிறேன்.